கொழும்பில் பழைய அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பித்தல்: உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோட்டை, புறக்கோட்டை, கொம்பனித்தெரு, காலி வீதி என்று கொழும்பில் அப்பா காலத்திலோ பாட்டனார் காலத்திலோ வாங்கிய கட்டடங்களை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கீழே கடை, மேலே கந்தோர், அதற்கும் மேலே பழைய லெட்ஜர்களும் கால் உடைந்த கதிரைகளும். இதை ஒரு நல்ல கம்பனி வாடகைக்கு எடுக்கும் தரத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் கட்டடப் பொறியியல் ஆலோசகராக நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சட்ட விடயங்களில் உங்கள் சட்டத்தரணியின் பேச்சே இறுதியானது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் லாபம் இல்லையா?

சில இடங்களில் லாபம்தான். ஆனால் இடிக்கும் முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கெய்சர் வீதி, பிரதான வீதிப் பக்கத்துக் கட்டடங்கள் பல, காணி முழுவதையும் மூடிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தோடு சுவரோடு சுவராக நிற்பவை. அவை எழுந்த காலத்து விதிகள் வேறு. இன்று புதிதாக எழுப்பப் போனால் வீதிக் கோட்டிலிருந்து உள்ளே தள்ள வேண்டும், பின்பக்கம் திறந்தவெளி விட வேண்டும், வாகனத் தரிப்பிடம் காட்ட வேண்டும். ஆறு பேர்ச் காணியில், அதாவது ஏறத்தாழ 1,630 சதுர அடியில், இவ்வளவையும் கழித்தால் மிஞ்சும் தளம் இப்போது உங்கள் கையில் இருப்பதைவிடச் சின்னதாகவே வரலாம். இடித்த பிறகு பழைய பரப்பைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

காணி பெரியது, தூண்களும் உத்தரங்களும் மோசம், மாடி உயரமும் குறைவு என்றால் இடிப்பது சரியாக இருக்கலாம். எப்படியானாலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பித்து, அந்தக் காணியில் எதைக் கட்டலாம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள். தரகர் சொல்லும் மாடிக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் கட்டடம் தொல்பொருள் பட்டியலில் இருந்தால் கையே வைக்க முடியாதாமே?

அப்படி இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் வரும் எல்லைத் திகதி 1815 மார்ச் 2. கோட்டையில் இன்று நிற்கும் பிரித்தானியர் காலத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஆனாலும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டவையும் உண்டு, நகர அபிவிருத்தி அதிகார சபை பேணவேண்டியவை என்று குறித்தவையும் உண்டு. தொல்பொருளியல் திணைக்களம், அதிகார சபை இரண்டிடமும் எழுத்தில் கேளுங்கள். வாங்கப்போகும் கட்டடமாக இருந்தால் உறுதி எழுதும் முன்பே கேளுங்கள்.

பட்டியலில் இருந்தால் முகப்பையும் கூரை வடிவத்தையும் பெரும்பாலும் காப்பாற்ற வேண்டும். உள்ளே செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி பெற வேண்டும். தாமதம் ஏற்படும், ஆனால் வேலை நடக்கும். சதாம் வீதியில் 1914ஆம் ஆண்டுக் கட்டடமான சென்ட்ரல் பொயின்ட், 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமானது. மத்திய வங்கி அதைப் புனரமைத்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். அந்த உயரமான மண்டபத்தை இன்றைய விலையில் யாரும் புதிதாகக் கட்டித் தரமாட்டார்கள்.

எந்தப் பயன்பாட்டுக்கு மாற்றுவது என்று எப்படித் தீர்மானிப்பது?

கட்டடத்தின் அமைப்பு எதற்குப் பொருந்தும் என்று முதலில் பாருங்கள். கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை 17ஆம் நூற்றாண்டினது. முற்றங்களைச் சுற்றித் தடித்த சுவர்களும் நீண்ட தாழ்வாரமும். ஒரு காலத்தில் பொலிஸ் நிலையமாகக்கூட இருந்தது. 2011இல் நகர அபிவிருத்தி அதிகார சபை அதைக் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தபோது சுவர்களை உடைக்க வேண்டியிருக்கவில்லை. தனித்தனி அறைகள் தனித்தனிக் கடைகளுக்குப் பொருந்தின, முற்றம் மேசை போட உதவியது. அதே கட்டடத்தில் ஐந்நூறு பேர் இருக்கும் கோல் சென்டர் வைக்க முயன்றிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

அலுவலகத்துக்கு நான் முதலில் அளப்பது ஜன்னலிலிருந்து உள்சுவர் வரையான தூரத்தை. பகல் வெளிச்சம் உருப்படியாக எட்டுவது ஆறேழு மீற்றர்தான். புறக்கோட்டைக் கட்டடங்கள் முகப்பில் ஒடுங்கி உள்ளே நீளமாகப் போவதால் நடுப்பகுதி இருட்டு. அங்கே மலசலகூடம், கோப்பு அறை, சேர்வர், கூட்ட அறை ஆகியவற்றைத் தள்ளிவிட்டு ஜன்னலோரத்தை ஆட்களுக்குக் கொடுங்கள். வெளிச்சமும் காற்றும் வரக் கட்டடத்தின் நடுவே விட்ட பழைய காற்றுக்கிணறு மூடிக் கிடந்தால் திறந்துவிடுங்கள். சின்ன அறைகள் கொண்ட கட்டடம் புதுக்கடை நீதிமன்றங்களுக்குக் கிட்ட இருந்தால் சட்டத்தரணிகள் வருவார்கள். ஐ.டி கம்பனிதான் வேண்டும் என்று சுவரை எல்லாம் தட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

வேலையை யாரிடமிருந்து தொடங்குவது? உள்ளலங்காரம் செய்பவர் ஒருவர் படம் கொண்டுவந்து காட்டினார்.

அந்தப் படத்தை லாச்சியில் வையுங்கள். முதலில் வரவேண்டியவர் கட்டமைப்புப் பொறியியலாளர், கூடவே மின் பொறியியலாளர். மழை பெய்யும் நாளில் கூரைக்கு ஏறச் சொல்லுங்கள். வெயில் நாளில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

அங்கீகரிக்கப்பட்ட பழைய பிளான் உங்களிடம் இல்லையென்றால் மாநகர சபையில் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கட்டடத்தை முழுதாக அளந்து புதிய படம் கீற வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போனவர்கள் பிறகு கொன்ட்ராக்டரோடு ஒவ்வொரு சதுர அடிக்கும் வாக்குவாதப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொறியியலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தளம் எவ்வளவு பாரம் தாங்கும்? அலுவலகத் தளத்துக்கு வழமையாக எடுக்கும் அளவு சதுர மீற்றருக்கு 2.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 250 கிலோ. கோப்புகளை நெருக்கி அடுக்கும் அறைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். யு.பி.எஸ் பற்றரி அறையும் கனமானது. மொட்டை மாடியில் வைக்கும் 5,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, தண்ணீர் மட்டுமே ஐந்து தொன். முன்பு யாரோ ஏற்றி வைத்து இத்தனை வருடம் விழவில்லை என்பது பாதுகாப்புக்கு ஆதாரமாகாது.

சீலிங்கில் கொங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசி மறைத்துவிடலாமா?

1960களிலிருந்து 80கள் வரை கட்டிய கட்டடங்களில், குறிப்பாகக் கடலுக்குக் கிட்ட இருப்பவற்றில், அதிகம் வரும் கேள்வி இதுதான். பூசி மறைத்தால் இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். பிறகு பெரிய துண்டாக விழும்.

நல்ல கொங்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. அதுதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள காபனீரொட்சைட் உள்ளே ஊறி அந்தக் காரத்தன்மையைக் கொன்றுவிடும். கடற்கரையோரம் உப்பும் சேர்ந்துகொள்ளும். கம்பியில் பிடிக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து மேலிருக்கும் கொங்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. ஆகவே பெயர்ந்து விழுவது நோயின் கடைசிக் கட்டம், பக்கத்தில் இன்னும் பெயராத இடத்திலும் அது தொடங்கியிருக்கும்.

சோதனை ஒன்றும் பெரிய விடயமில்லை. புதிதாக உடைத்த கொங்கிரீட் முகத்தில் பினோல்ப்தலீன் என்ற இரசாயனத்தைத் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறமில்லாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. இதோடு துளையிட்டு எடுக்கும் கோர் மாதிரிகளின் பலம், கம்பிக்கு மேலுள்ள கொங்கிரீட்டின் தடிப்பு, உப்பின் அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கோர் எடுக்கும் இடங்களைப் பொறியியலாளர் குறித்துக் கொடுக்கட்டும். வசதியான இடத்தில் எடுத்து நல்ல முடிவு காட்டுவது சுலபம்.

பழுதுபார்ப்பு என்றால் துரு பிடித்த கம்பிக்குப் பின்னால் வரை உடைத்து, துருவை முழுதாக நீக்கி, தேவையான இடத்தில் புதுக்கம்பி கட்டி, பழுதுபார்ப்புக்கென்றே உள்ள சாந்தால் நிரப்புவது. உடைக்கும்போது உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மேசன் பாஸ் ஒருவரிடம் நாள்கூலிக்கு ஒப்படைக்கும் வேலை இல்லை இது.

பழைய தடித்த சுவரில் பெயின்ட் நிற்பதேயில்லை. எத்தனை முறை அடித்தாலும் கொப்பளிக்கிறது.

சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமா, அல்லது கபூக் கல்லா? அப்படியென்றால் பிழை பெயின்டில் இல்லை, அதற்குக் கீழே யாரோ பூசிய சீமெந்தில். பழைய சுவர்கள் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விட்டது. சீமெந்தும் அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால், சுவருக்கு மழைக்கோட்டு மாட்டி உள்ளே வியர்க்க விட்ட மாதிரி. ஈரம் வெளியேற முடியாமல் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சைத் தள்ளும்.

முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். உடைந்த பீலி, கசியும் மழைநீர்க் குழாய், வீதி மட்டம் உயர்ந்து சுவரடியில் தேங்கும் தண்ணீர், பக்கத்துக் கடைக்காரரின் ஏசியிலிருந்து சொட்டும் நீர். பாதிக் கட்டடங்களில் இவற்றோடு பிரச்சினை தீர்ந்துவிடும். பிறகு சீமெந்தைக் கொத்தி எடுத்து, சுவரைச் சில வாரங்கள் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விடும் பெயின்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் கொழும்பில் குறைந்துவிட்டன. கோவில் வேலை செய்த மேசன்மாரிடம் விசாரித்துப் பாருங்கள்.

முன்பக்கம் முழுவதையும் அலுமினியப் பலகையால் மூடினால் புதுக் கட்டடம் போல ஆகிவிடுமே?

எனக்கு இந்த யோசனை பிடிக்காது, மறைக்காமல் சொல்கிறேன். ஏ.சி.பி என்று விற்கப்படும் பலகையின் நடுவில் வெறும் பொலித்தீன் இருந்தால் அது எரியும். 2017 ஜூன் 14 லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள், தீ வெளிச்சுவர் வழியே மாடி மாடியாக ஏறியதற்கு அந்த வகைப் பலகைதான் முக்கிய காரணம். எரியாத கனிம நடுப்பகுதி கொண்ட பலகை இருக்கிறது, விலை கூடுதல், வாங்கும்போது சோதனைச் சான்றைக் கேட்க வேண்டும்.

தீயை விடுங்கள். பலகைக்குப் பின்னால் கசிவும் துருவும் யார் கண்ணிலும் படாமல் வளரும். பழைய ஜன்னல்களின் மேலிருந்த நிழற்கட்டைகளும் தாழ்வாரமும் மேற்கு வெயிலை இலவசமாக மறைத்துக்கொண்டிருந்தன. அவற்றை மூடிக் கண்ணாடி வைத்தால் வெயிலின் கணக்கு ஏசி பில்லில் வரும். ஹைட் பார்க் கோர்னரில் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம், இன்றைய மகாவலிக் கட்டடம், காற்றோட்டத்தையே கணக்கில் வைத்து எழுந்த உயர்கட்டடம். கண்ணாடிப் பெட்டிதான் நவீனம் என்பவர்களுக்கு அதைக் காட்டுவேன்.

உள்ளே மட்டும் மாற்றுகிறோம். அனுமதி வேண்டுமா?

பெயின்ட், தரை, பார்ட்டிஷன் அளவில் நின்றால் வழமையாகப் பிரச்சினை வராது. சுமை தாங்கும் சுவரில் கை வைத்தாலோ, தளம் சேர்த்தாலோ, படிக்கட்டை நகர்த்தினாலோ, பயன்பாட்டையே மாற்றினாலோ அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருவது இது. 2021இல் வெளிவந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகளையும் கட்டடக்கலைஞர் கையில் வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்தபின் சி.ஓ.சி எனப்படும் இணக்கச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள். வங்கியும் பெரிய கம்பனி வாடகைக்காரரும் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். சான்றிதழ் இல்லாத மாடியை வாடகைக்கு எடுக்கப் பெரிய கம்பனிகளின் சட்டப்பிரிவு விடாது.

தீயணைப்புப் பிரிவு என்ன கேட்கும்?

மாநகர சபைத் தீயணைப்புச் சேவையின் ஒப்புதலில்தான் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. ஒற்றை மரப்படிக்கட்டு, அதற்குக் கீழே மீற்றர் பெட்டியும் அட்டைப்பெட்டிகளும். இதுதான் புறக்கோட்டையின் வழமையான காட்சி. படிக்கட்டின் அடியில் தீப்பிடித்தால் மேலிருக்கும் யாரும் இறங்க முடியாது.

இரண்டாவது வெளியேறும் வழிக்கு இடத்தை முதல் பிளானிலேயே ஒதுக்குங்கள், பின்பக்க ஒழுங்கைக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டாக இருந்தாலும் சரி. படிக்கட்டைச் சுற்றித் தீ தாங்கும் சுவரும் தானாக மூடும் கதவும், புகை உணரிகள், அபாய மணி, மின்சாரம் போனாலும் எரியும் வெளியேற்ற விளக்குகள். உயரத்தையும் பரப்பையும் பொறுத்து ஸ்பிரிங்ளரும் தண்ணீர்க் குழாயும் பம்பும் தேவைப்படும், அந்தப் பம்புக்கான தண்ணீரின் பாரம் எங்கே உட்காரும் என்பது மறுபடியும் கட்டமைப்புப் பொறியியலாளரின் கேள்வி. சீலிங்கும் டைல்ஸும் முடிந்தபிறகு தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டால் பாதியை உடைக்க நேரும். வரைபடத்தோடு ஆரம்பத்திலேயே போய்ப் பேசுங்கள்.

இருக்கும் மின் இணைப்பு போதாதா?

போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர அடி அலுவலகம் ஏசி, கணினி, லிஃப்ட், விளக்கு எல்லாம் சேர்ந்து 75 முதல் 90 கிலோவொட் வரை இழுக்கும் என்பது என் தோராயக் கணக்கு. மின் கட்டணப் பிரிவுகளில் இணைப்பின் கொள்ளளவு 42 கே.வி.ஏ தாண்டினால் நீங்கள் மொத்த விநியோகப் பாவனையாளர். அப்போது யூனிட்டுக்கு மட்டுமல்ல, மாதத்தில் ஒருமுறை தொட்ட உச்ச மின்தேவைக்கும் பணம் கட்ட வேண்டும். காலையில் எல்லா ஏசிகளையும் ஒரே நேரத்தில் போடும் பழக்கம் இந்த இடத்தில்தான் கடிக்கும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேர விலை. ஐரோப்பிய, அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் கம்பனியை வாடகைக்கு வைப்பதாக இருந்தால் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

பழைய வயரிங்கை முழுதாக மாற்றுங்கள். ரப்பர் உறை பூண்ட கம்பிகளும், உருண்டை முனை 15 அம்பியர் பிளக்குகளும், எங்கே போகிறது என்று தெரியாத நிலக்கம்பியும் இன்னும் பாவனையில் இருக்கும் கட்டடங்கள் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்ததை எந்த வாடகைக்காரரும் மறக்கவில்லை. ஜெனரேட்டர் எங்கே என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். நிலக்கீழ்த் தளம் இல்லாத கட்டடத்தில் அது மாடிக்குத்தான் போகும்; பாரம், அதிர்வு, புகை, டீசல் நான்கையும் யோசிக்க வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி போதுமா, சென்ட்ரல் ஏசி வேண்டுமா?

மாடி உயரம் மூன்று மீற்றர் அளவில் இருந்தால் பெரிய காற்றுக் குழாய்கள் தலையில் இடிக்கும். அங்கே ஒரே வெளி இயந்திரத்திலிருந்து பல உள் அலகுகளுக்குக் குளிர்வாயுவை அனுப்பும் வி.ஆர்.எஃப் முறைதான் பெரும்பாலும் பொருந்தும், மெல்லிய செப்புக் குழாய்கள் போதும். காலனித்துவக் கட்டடங்களில் உயரம் தாராளம், அதைக் கண்மூடித்தனமாகத் தாழ்சீலிங் போட்டு மறைக்காதீர்கள். வாடகைக்காரர் காசு கொடுப்பதே அந்த உயரத்துக்கு.

எந்த முறையானாலும் இரண்டு விடயம். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்று கொண்டுவராது. ஆளுக்கு நொடிக்கு 8 முதல் 10 லீற்றர் வெளிக்காற்று வரும்படி தனி ஏற்பாடு வேண்டும். அடுத்தது வியர்வை. கொழும்பில் 30 பாகையும் 75 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு சாதாரண நாளில், 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பிடிக்கும். ஓட்டுக்கூரைக்கு அடியில், காப்புறை சரியில்லாத குழாய் போனால் சீலிங்கில் மஞ்சள் கறை, பிறகு பூஞ்சணம். பலர் கூரை ஒழுகுகிறது என்று ஓடுகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பழைய ஏசி இயந்திரம் ஆர்-22 என்ற குளிர்வாயுவில் ஓடினால் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி நம் போன்ற நாடுகள் அந்த வாயுவை 2030உடன் ஏறத்தாழ முழுதாக நிறுத்த வேண்டும்.

லிஃப்ட்டை மாற்றத்தான் வேண்டுமா?

இரும்புக் கதவு இழுக்கும் லிஃப்ட் படம் எடுக்க அழகு. சக்கர நாற்காலி உள்ளே போகாது. குறைந்தது 1.1 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் ஆழம் உள்ள கூண்டு வேண்டும். பழைய குழிக்குள் அது அடங்காவிட்டால் பின்பக்கம் புதுக் குழி எழுப்புவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பொதுமக்கள் வரும் கட்டடங்களில் நுழைவும் மலசலகூடமும் அவர்களுக்கு எட்ட வேண்டும். வாசலில் மூன்று படி இருந்தால் ஒரு சாய்தளம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்.

வாகனத் தரிப்பிடம் இல்லையே?

கோட்டையில் யாரிடமும் இல்லை. பயன்பாடு மாறும்போது அதிகார சபை இதைக் கேட்கும் என்பதால் விண்ணப்பத்துக்கு முன்பே பேசுங்கள். நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம் இருந்தால் வாடகைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள், வேலையாட்கள் பலர் ரயிலில்தான் வருகிறார்கள்.

கூரையும் பழைய பார்ட்டிஷனும் அஸ்பெஸ்டஸ் சீட். ஆபத்தா?

நீல அஸ்பெஸ்டஸுக்கு இலங்கையில் 1987இலேயே தடை வந்துவிட்டது. வெள்ளை வகை அதற்குப் பிறகும் கூரைகளில் ஏறியது. உடையாமல் கிடக்கும் சீட்டைவிட, வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசுதான் பயங்கரம். அகற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் ஆணியைக் கழற்றி இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்ட வேண்டும். வேலையாட்களுக்கு உரிய சுவாசக் கவசம் வேண்டும், துணி மாஸ்க் பிரயோசனமில்லை. மாடியிலிருந்து கீழே வீசுவதைப் பார்த்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மேல்மாடியில் நாற்பது வருடமாக ஒரு வாடகைக்காரர். மிகக் குறைந்த வாடகை. எழும்ப மாட்டேன் என்கிறார்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறதா என்பது கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி முதலிய விபரங்களில் தங்கியிருக்கிறது. சட்டத்தரணியிடம் பழைய ரசீதுகளைக் கொண்டுபோங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி அவரை வெளியே தள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வழக்கு வந்தால் உங்கள் முழுத் திட்டமும் நின்றுவிடும். பேசி ஒரு தொகை கொடுத்து முடிப்பதே நான் கண்டவற்றில் மலிவான வழி. புதுப்பித்தபின் அதே கட்டடத்தில் ஒரு சின்ன இடம் தருவதாகச் சொன்னதும் இறங்கி வந்தவர்களும் உண்டு.

புதிதாக வருபவருக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகை ஒப்பந்தம் இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள். குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கு அந்த வழி கிடைக்காது.

எவ்வளவு செலவாகும்?

சதுர அடிக்கு இவ்வளவு என்று தொலைபேசியில் சொல்பவரை நம்பாதீர்கள். அளவு மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு, வேலைகளை அளவோடு பட்டியலிடும் பி.ஓ.கியூ தயாரித்து, கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ள மூன்று நான்கு ஒப்பந்தக்காரரிடம் விலை கேளுங்கள். மிகக் குறைந்த விலையில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பழைய கட்டடத்தில் உடைத்தபின் தெரியவரும் விடயங்களுக்காக மொத்தத்தில் 15 முதல் 20 வீதத்தைத் தனியே வைத்திருக்கச் சொல்வேன், புதுக் கட்டடத்துக்கு இதில் பாதி போதும். வற் 18 வீதம் விலைக்குள் அடங்குமா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து ஒப்படைத்ததும் பாதியையும், குறைகளைத் திருத்தும் காலம் முடிந்ததும் மீதியையும் விடுவிப்பது வழமை.

காசு குறைந்தால் எங்கே வெட்டுவது? வரவேற்பறைக் கிரனைட்டிலும் சீலிங் அலங்காரத்திலும் வெட்டுங்கள், அவற்றை மூன்று வருடம் கழித்தும் செய்யலாம். கூரை, குழாய், வயரிங், தீ வழி நான்கையும் சுவர் மூடிய பிறகு செய்ய முடியாது. பெரும்பாலான உரிமையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் திறப்புவிழா முடிந்து ஒரே வருடத்தில் புதுச் சுவரை உடைக்கிறார்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

கூரையைத் திறக்கும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பின்னேர மழை, மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் மறுபடியும் இடியோடு மழை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் வேலையாட்கள் இரண்டு வாரத்துக்குத் திரும்ப மாட்டார்கள், அதைக் கால அட்டவணையில் எழுதிவிடுங்கள். உடைக்கும் சத்தத்துக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50 என்று 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதி எல்லை வைத்திருக்கிறது.

வேலைத்தளத்தில் தண்ணீர் தேங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியும். திறந்த லிஃப்ட் குழி, பெயின்ட் வாளிகள், மொட்டை மாடியில் விரித்த பொலித்தீன், இவற்றை வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

கட்டடம் ஐந்து சகோதரர்கள் பெயரில். மூன்று பேர் கனடாவிலும் லண்டனிலும்.

பொறியியலாளரைக் கூப்பிடுவதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது இது. பிரிக்கப்படாத பங்குகள் உள்ள சொத்துக்கு வங்கிக் கடனும் அனுமதி விண்ணப்பமும் எல்லோர் கையெழுத்திலும் தங்கியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோர்னித் தத்துவத்தை அனுப்பி, இங்கே பதிவு செய்ய வேண்டும். அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரமும் கடன் பெறும் அதிகாரமும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான வாசகத்தை வங்கிகள் திருப்பி அனுப்பும். யார் எவ்வளவு போடுகிறார், போடாதவரின் வாடகைப் பங்கு எப்படிக் குறையும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒப்பாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும், அதற்குள் கூரை இன்னும் பல மழைக்காலம் கண்டுவிடும். அதனால் ஒப்பாதவரின் பங்கை மற்ற நால்வரும் விலைமதிப்பீடு செய்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.